லண்டன் லோகநாதனின் கேள்விகள்

ஷாந்தினிக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட சம்பலின் காரத்தால் அல்ல. அவளுடைய உயிர்த்தோழி கமலவேணிதான் காரணம்.

இருவரும் மலேசியாவில், பாயா ரும்புட்டில் ஒரே வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே ஐந்தாம் ஆண்டு வகுப்பு, ஒரே பெஞ்சு. பல்பம் முதல் பல்வலி வரை எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் 'வழித்துணை' வந்த பிறகு எல்லாம் கோணலாகிவிட்டது.

அது 1999-ஆம் ஆண்டு. ஷாந்தினியின் அப்பா, அலோர் காஜாவில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தால் அது கீச்சிடும், கரகரவென்று இருமும், பிறகு ஒருவழியாக இணையம் வரும். இணையம் வந்துவிட்டால் தொலைபேசி வேலை செய்யாது. அம்மாவால் தன் தங்கையோடு பேச முடியாது. அதனால் ஷாந்தினிக்குச் சனிக்கிழமை காலை மட்டும்தான் அனுமதி.

அந்தக் காலை நேரம் முழுவதும் அவள் 'வழித்துணை'யில்தான் இருப்பாள். அது உலகத் தமிழர்கள் சேர்ந்து எழுதும் ஓர் இணையக் கையேடு. யார் வேண்டுமானாலும், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். மீன் குழம்பு வைப்பது எப்படி, ஒட்டகம் ஏன் துப்புகிறது, சைக்கிள் சங்கிலி கழன்றால் என்ன செய்வது என்று எல்லாமே அங்கே இருக்கும்.

கட்டுரையைப் படிப்பவர்கள் அதன் கீழே கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டால், கையேட்டைக் கவனித்துக்கொள்ளும் தொண்டர்கள் கட்டுரையின் தலைப்புக்குப் பக்கத்தில் ஓர் அகல்விளக்குப் படத்தை ஏற்றிவைப்பார்கள். ஒரு கேள்வி பாக்கி இருந்தாலும் விளக்கு எரியாது.

அந்த விளக்குக்காக ஷாந்தினி உயிரையே விட்டுக்கொண்டிருந்தாள். தேனீ, சனிக்கோள், சதுரங்கம், சிங்கம், சீனப் பெருஞ்சுவர் என்று வாரம் ஒன்றாக எழுதித் தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவதுபோல் முன்னுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருக்கும். எல்லாக் கட்டுரையும் 'ஆதிகாலம் முதற்கொண்டு மனிதன்' என்றுதான் தொடங்கும். சிங்கத்தைப் பற்றிய கட்டுரைகூட அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் ஒவ்வொன்றின் கீழும் 'கேள்விகள்: இல்லை' என்றே இருந்தது. கேள்வியே இல்லாவிட்டால் விளக்கு எங்கிருந்து வரும்?

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை கமலவேணி வந்தாள். "நானும் ஒன்னு எழுதட்டா லா?" என்று கேட்டாள்.

"எதைப் பத்தி?"

"மழை வந்தா பாசார் மாலாம்ல என்ன நடக்கும்னு."

புதன்கிழமைதோறும் அவர்கள் வீட்டுப் பக்கத்தில் பாசார் மாலாம் கூடும். சாலையோரம் மாலையில் முளைத்து இரவில் மறைந்துவிடும் கடைகள். கமலவேணியின் அம்மா ஜானகி அங்கே இடியப்பம் விற்றார்.

"இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்று சிரித்தாள் ஷாந்தினி. ஆனாலும் தமிழ் எழுத்துகளை எப்படித் தட்டுவது என்று சொல்லிக் கொடுத்தாள். கமலவேணி ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்திக் கொத்தி எழுதி முடித்தாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று 'பாசார் மாலாம்' என்பதை 'இரவுச் சந்தை' என்று அழகாக மாற்றிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால், அந்தக் கட்டுரையின் கீழே கேள்விகள்! டொரண்டோவிலிருந்து ஒன்று. சிங்கப்பூரிலிருந்து ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், 'படிக்கும்போதே நனைந்துவிட்டேன்' என்று வேறு எழுதியிருந்தார்.

கமலவேணி துள்ளிக் குதித்தாள். "ஷாந்தினி, பாரேன்! கனடாவுலேர்ந்து கேக்குறாங்க!"

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் ஷாந்தினி. என் வீட்டுக் கம்ப்யூட்டர், நான் சொல்லிக் கொடுத்த எழுத்து, விளக்கு மட்டும் இவளுக்கா என்று மனம் குமைந்தது. வயிறு எரியத் தொடங்கியது அப்போதுதான்.

கமலவேணி இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஷாந்தினி கதவை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. ஒரு கேள்வி பாக்கி இருந்தாலும் விளக்கு எரியாது அல்லவா? அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்?

வழித்துணையில் கேள்வி கேட்க ஒரு பெயரைத் தட்டினால் போதும். ஷாந்தினி 'லோகநாதன், லண்டன்' என்று தட்டினாள். லண்டன் என்றால் ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தாள்.

'கான்வாஸ் கூரையில் தேங்கும் மழைநீரைக் கம்பால் குத்தித் தள்ளுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் பக்கத்துக் கடையில் விழாதா? முதலில் தள்ளுபவர் யார்? சரியான பதில் தேவை. இப்படிக்கு, லோகநாதன்.'

கேள்வியை அனுப்பியதும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. கமலவேணிக்குப் பதில் தெரியாது, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் கேள்வியைப் படித்த கமலவேணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட, ஆமா லா! யாரு மொதல்ல தள்ளுவாங்க? நான் கவனிச்சதே இல்லியே. லண்டன்ல இருந்துக்கிட்டு எப்படி யோசிக்கிறாரு பாரு இந்த லோகநாதன் மாமா! புதன்கிழமை நீயும் வா, போய்ப் பாப்போம்."

தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் தேடப் போக வேண்டிய நிலை. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஷாந்தினி போனாள்.

அந்தப் புதன்கிழமை மழை நன்றாகவே வெளுத்து வாங்கியது. கான்வாஸ் கூரைகள் தொந்திபோல் கீழே தொங்கின. இருவரும் ஒரு குடையில் ஒண்டி நின்று கவனித்தார்கள். மேட்டுப் பக்கத்துக் கடைசிக் கடையில் கடலை விற்கும் மருதமுத்து மாமாதான் முதலில் கம்பை எடுத்தார்.

"ஆயேர்!" என்று மலாயில் கத்தினார். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். உடனே பக்கத்தில் சாத்தே என்னும் குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி விற்கும் மலாய்க்கார அத்தை ரொக்கியா மக்சிக் இரண்டடி தள்ளி நின்றார். தண்ணீர் தடாலென்று கொட்டியது. அடுத்து மக்சிக் கம்பை எடுத்து "ஆயேர்!" என்றார். அவருக்குப் பக்கத்தில் காலுறை விற்கும் ஆ செங் அங்கிள் விலகினார். இப்படியே மேட்டிலிருந்து பள்ளம் வரை குரலும் தண்ணீரும் வரிசையாக இறங்கி வந்தன.

"நம்ம கடை முறை வந்துருச்சி, தள்ளு!" என்று ஜானகி ஆன்ட்டி கத்தினார். கமலவேணி கம்பைத் தூக்க, ஷாந்தினியும் சேர்ந்து பிடித்தாள். "ஆயேர்!" என்று இருவரும் கத்தினார்கள். கத்தும்போது ஷாந்தினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சனிக்கிழமை கமலவேணி அதையெல்லாம் அப்படியே எழுதினாள். கட்டுரை முன்பைவிட இன்னும் நன்றாகிவிட்டது. ஷாந்தினியின் வயிறும் முன்பைவிட இன்னும் நன்றாக எரிந்தது.

லோகநாதன் விடவில்லை. 'மழையில் மின்விளக்குகள் என்ன ஆகும்?' என்று கேட்டார். கமலவேணி தங்கராஜு மாமாவிடம் போய் விசாரித்தாள். கடைகள் எல்லாவற்றுக்கும் அவருடைய ஜெனரேட்டரிலிருந்துதான் மின்சாரம் போகிறது, மின்னல் பக்கத்தில் வெட்டினால் அவர் அதை அணைத்துவிடுவார் என்று தெரிந்தது.

'மழை வந்தால் வியாபாரம் கெட்டுப்போகுமே, ஏன் கடையை மூடிவிட்டுப் போகவில்லை?' என்று லோகநாதன் மறுபடியும் மடக்கினார்.

ஜானகி ஆன்ட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். "யாரு சொன்னா கெட்டுப்போவும்னு? மழை வந்தா ஜனங்க எங்க ஓடுவாங்க? நம்ம கூரைக்குக் கீழதான் வந்து நிக்கணும். நிக்கிறவங்க சும்மாவா நிப்பாங்க? ரெண்டு இடியப்பம் சாப்பிடுவாங்க. அந்த லண்டன் தம்பிக்கு யாவாரம் தெரியல போல."

கமலவேணி எழுதிய இந்தப் பதிலைப் படிக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். 'அருமை' என்றார்கள். 'விளக்கு எப்போது?' என்று தொண்டர்களையே கேட்டார்கள்.

ஷாந்தினி தன் சிங்கத்தைத் திறந்து பார்த்தாள். 'கேள்விகள்: இல்லை.' சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கமலவேணி வீட்டுக்குப் போனதும் மடமடவென்று தட்டினாள். கோபத்தில் எழுதியதால் இலக்கணத் தமிழ் பறந்துவிட்டது.

'எல்லாம் பொய். மழையில யாவாரம் ஓடுதாம்! பசியாறிட்டு வந்து படிச்சேன், சிரிப்புதான் வந்துச்சி. இந்த மாதிரி பாசார் மாலாம் ஒலகத்துல எங்கயும் இல்ல லா. லோகநாதன், லண்டன்.'

அனுப்பிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கமலவேணி திரையில் படித்துக்கொண்டே போனாள். அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கியது.

லோகநாதனுக்குக் கீழே யோகேஸ்வரி என்பவர் எழுதியிருந்தார். 'லோகநாதன் அண்ணை, நானும் லண்டன்தான். இங்கே ஒருத்தரும் கடைசியில் "லா" போட்டுக் கதைக்கிறதில்லை. பாசார் மாலாம் எண்டால் என்ன? கட்டுரையில் அப்படி ஒரு சொல்லே இல்லையே?'

அதற்குக் கீழே சிங்கப்பூர்க்காரர். 'எனக்குத் தெரியும். காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்பதும், லா போடுவதும் எங்கள் சிங்கப்பூர், மலேசியப் பக்கத்துப் பேச்சு. இந்த லோகநாதன் லண்டனைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.'

எல்லாவற்றுக்கும் கீழே தொண்டர்களின் அறிவிப்பு. 'லோகநாதன் மலேசியாவில் இருப்பவர் போல் தெரிகிறது. கட்டுரை ஆசிரியரும் மலேசியாவில் இருக்கிறார். தன் கட்டுரை பலர் கண்ணில் பட வேண்டும் என்று கமலவேணியே வேறு பெயரில் கேள்வி கேட்டுக்கொள்கிறாரோ என்று ஐயப்படுகிறோம். உண்மை தெரியும்வரை விளக்கு இல்லை. ஒரு வாரத்தில் தெரியாவிட்டால் கட்டுரையை எடுத்துவிடுவோம்.'

கமலவேணியின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் அப்படிச் செய்யல, ஷாந்தினி. சத்தியமா செய்யல."

இப்படி ஆகும் என்று ஷாந்தினி நினைத்ததே இல்லை. விளக்கு எரியக் கூடாது என்று நினைத்தாளே தவிர, கமலவேணியை யாரும் ஏமாற்றுக்காரி என்று சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை.

"அம்மாகிட்ட, மருதமுத்து மாமாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். வெளக்கு எரியப்போவுதுன்னு," என்று மூக்கை உறிஞ்சினாள் கமலவேணி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல. லோகநாதன் மாமா வந்து சொல்லிருவாரு. இங்கேர்ந்து லண்டன் போனவரா இருப்பாரு. நல்லவருதான். நம்ம கட்டுரைய அவரு மாதிரி யாரு கவனமாப் படிச்சா?"

ஷாந்தினி பேசாமல் இருந்திருக்கலாம். கமலவேணிக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 'நல்லவருதான்' என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

"அவரு வரமாட்டாரு," என்றாள்.

"ஏன்?"

"லோகநாதன்னு ஒருத்தரும் இல்ல. நான்தான் அது."

கமலவேணி முதலில் சிரித்தாள். ஷாந்தினியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "நீயா? எதுக்கு?"

"எனக்குப் பொறாமையா இருந்துச்சி. ஒனக்கு வெளக்கு கெடைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

கமலவேணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஷாந்தினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கமலவேணியிடம் சொன்னது டொரண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் எப்படித் தெரியும்? அங்கே இன்னும் கமலவேணிதான் ஏமாற்றுக்காரி.

எழுதத் தொடங்கினாள். பயமாக இருந்தது. இதைப் படித்த பிறகு அவளுடைய கட்டுரைகளை யார் மதிப்பார்கள்? ஒரு விளக்குகூட இனிமேல் கிடைக்காமல் போகலாம்.

"ஷாந்தினி! போன் லைனை விடு, சித்திகிட்ட பேசணும்!" என்று சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"இரும்மா, முக்கியமான வேலை!"

"என்னா முக்கியம்? சிங்கத்துக்குக் குட்டி பொறந்துருச்சா?"

ஷாந்தினி தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த முறை முன்னுரை இல்லை, ஆதிகாலத்து மனிதனும் வரவில்லை.

'என் பெயர் ஷாந்தினி. கமலவேணியின் தோழி. லோகநாதன் நான்தான். அவளுக்கு அது தெரியாது. அவள் கட்டுரையை எல்லாரும் பாராட்டியதால் எனக்குப் பொறாமை வந்தது. விளக்கு எரியக் கூடாது என்றுதான் கேள்வி கேட்டேன். அது பொய் என்று எழுதியதுதான் பொய். அந்தச் சந்தையில் நானும் மழையில் நின்றேன். கம்பைப் பிடித்து நானும் தண்ணீரைத் தள்ளினேன். கட்டுரையில் இருப்பது எல்லாம் உண்மை. தயவுசெய்து அவளைத் தப்பாக நினைக்காதீர்கள்.'

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, தொலைபேசியை அம்மாவிடம் விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளியில் கமலவேணி வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. விளக்கு இல்லாமல் இருந்ததைவிட இது எவ்வளவோ மோசமாக இருந்தது.

புதன்கிழமை மாலை அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு தடவை இணையத்தைத் திறந்தாள். வழித்துணை மெதுவாக, வரி வரியாக இறங்கியது. தலைப்பு வந்தது. தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அகல்விளக்கு எரிந்தது.

அதன் கீழே தொண்டர்கள் எழுதியிருந்தார்கள். 'கமலவேணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். ஷாந்தினி, நீங்கள் செய்தது தவறு. கேள்விகள் நல்ல கேள்விகள். இனி சொந்தப் பெயரில் கேளுங்கள்.'

ஷாந்தினி சந்தைக்கு ஓடினாள். கமலவேணி கடையில் நின்று இடியப்பத்தின் மேல் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு ஏத்திட்டாங்க," என்றாள் ஷாந்தினி, மூச்சு வாங்க.

கமலவேணி நிமிரவில்லை. "யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

தேங்காய்ப்பூ தூவிய கை நின்றது. "எப்படி?"

"நான் எழுதிப் போட்டேன். லோகநாதன் நான்தான்னு. பொறாமையிலதான் அப்படிச் செஞ்சேன்னு."

"எல்லாரும் படிக்கிற எடத்துலயா? கனடாவுல, சிங்கப்பூர்ல எல்லாம் படிப்பாங்களே!"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"ரொம்ப வெக்கமா இருக்கு."

கமலவேணி அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"சரி."

"இப்பவும் பொறாமையா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் ஷாந்தினி வாயைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். "கொஞ்சம் இருக்கு," என்றாள்.

கமலவேணியால் அதற்கு மேல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். "லண்டன்காரராம், பசியாறிட்டு வந்தாராம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஷாந்தினியும் சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் ஜானகி ஆன்ட்டியும் சிரித்துவிட்டு, இருவர் கையிலும் ஆளுக்கொரு இடியப்பப் பொட்டலத்தைத் திணித்தார்.

இருவரும் கடையின் ஓரத்தில் நின்று சாப்பிட்டார்கள். அப்போது சட்டென்று எல்லா விளக்குகளும் மினுமினுத்து, மறுபடியும் பிரகாசமாக எரிந்தன. தூரத்தில் தங்கராஜு மாமா ஜெனரேட்டர் மேல் குனிந்திருந்தார்.

"ஏய், மாமா சாப்பிடப் போனா அதை யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் ஷாந்தினி.

கமலவேணி மெல்லுவதை நிறுத்தினாள். "தெரியலியே. கேட்டா அடுத்த கட்டுரைக்கு ஆவும் போலருக்கே!"

"நீ எழுதுறியா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். வா. ஆனா கேள்விய நீதான் கேக்கணும்."

இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து, ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றார்கள். அது போட்ட இரைச்சலில் ஷாந்தினி நன்றாகக் கத்த வேண்டியிருந்தது.

"மாமா! என் பேரு ஷாந்தினி! ஒரு கேள்வி கேக்கலாமா?"